பட்டினி கிடந்து பூக்கும் தாய்

மாசி பாதி கடந்துவிட்டால் கொள்ளிடத்தின் கரையில் கண்ணில் படுவதெல்லாம் இழப்பாகத்தான் இருக்கும். ஜனவரி 28ஆம் தேதியோடு மேட்டூர் அணையை மூடுவது வழக்கம். அதற்குப் பிறகு வாய்க்காலில் தண்ணீர் சுருங்கி, மதகடியில் குட்டையாகத் தேங்கி, கடைசியில் அந்தச் சேறும் வெடித்துவிடும். ஆற்றில் கண்ணுக்கெட்டிய வரை மணல். சம்பா அறுத்த வயலில் அரிதாள். இலவம் மொட்டையாக நிற்கும். வேம்பு இலை பழுத்துக் கொட்டும். வாசலை எத்தனை தடவை கூட்டினாலும் சருகு. பேருந்து ஜன்னல் வழியே பார்க்கிற வெளியூர்க்காரர், இந்த மண் சாகக் கிடக்கிறது என்றுகூட நினைத்துவிடலாம்.

இங்கே பிறந்தவர்களுக்கு வேறு சேதி தெரியும். ஆத்தா விரதத்துக்கு ஆயத்தமாகிறாள்!

திருச்சிக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கிறது சமயபுரம். பழைய பெயர் கண்ணனூர். 13ஆம் நூற்றாண்டில் போசள மன்னர்கள் தலைநகராக வைத்து ஆண்ட ஊர். கோட்டை கொத்தளமெல்லாம் காலத்தோடு போய்விட்டன, மகமாயி இருக்கிறாள். மாசி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பூச்சொரிதல். அன்று தொடங்கிப் பங்குனிக் கடைசி ஞாயிறு வரை 28 நாள் அவளுக்குப் பச்சைப் பட்டினி. சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், கரும்பு, அவ்வளவுதான். உயிர்களெல்லாம் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்று பெற்றவளே வயிற்றைக் காயப்போடுகிறாள். சாமிக்காக நாம் விரதம் இருப்பது ஊருக்கு ஊர் உண்டு. நமக்காகச் சாமி விரதம் இருப்பதை நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

அந்தப் பட்டினியின் பொருளை எந்தப் பெரியவரும் எனக்கு உபதேசம் செய்யவில்லை. மரங்கள்தான் சொல்லித் தந்தன. மரத்தைப் பார்க்கச் சொல்லித் தந்தவள் என் அப்பாயி.

எங்கள் வீட்டில் மாசி மாதத்து விடியல் விளக்கோடு தொடங்காது. “மொதல்ல போயி வேம்பு என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு வா, அப்பறம் வெளக்கேத்திக்கலாம்” என்பாள். செருப்புப் போடக் கூடாது. முகம் கழுவி, ஒரு சொம்புத் தண்ணீரோடு போய் வேரடியில் ஊற்றிவிட்டு அண்ணாந்து பார்க்க வேண்டும். பார்த்ததை வந்து அவளிடம் சொல்ல வேண்டும்.

“பழுத்த எல கொட்டுது அப்பாயி.”

“எந்தப் பக்கம்?”

“தெக்குப் பக்கக் கெளையில ஒண்ணுமே இல்ல.”

“காலியாயிருச்சா? அப்ப அங்கதான் மொதக் கொழுந்து வரும். நாளைக்கும் பாரு.”

அவளுக்கு மந்திரம் தெரியாது. எழுதப் படிக்கவும் தெரியாது. மரத்தைப் பார்ப்பதும் அம்மனைப் பார்ப்பதும் அவளுக்கு ஒரே வேலை. அவள் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த வழக்கம் என்னை விடவில்லை. பூச்சொரிதலுக்கு முன்பே மஞ்சள் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு வாசலில் இறங்கிவிடுவேன்.

இறங்கினால் முதலில் காலில் படுவது பனி. பகலெல்லாம் சுட்டெரிக்கிற வெயில் அடித்தாலும் மாசி விடியலில் புல் நுனியெல்லாம் ஈரமாக இருக்கும். பனிக்காலம் நம்மிடம் விடைபெறுகிற விதம் அது. வேம்பைப் பார்த்த கையோடு வரப்பில் ஒரு நடை நடந்தால், அரிதாளுக்கு நடுவே பச்சைப் பசேலென்று உளுந்து படர்ந்திருக்கும். நெல் அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முந்தியே ஈர வயலில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். அறுப்பு முடிந்தபின் அதற்குப் பாய்ச்சல் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கிற ஈரமும் ராத்திரிப் பனியுமே அதற்குச் சாப்பாடு. அதைக் குடித்தே கொடி ஓடி, மஞ்சளாகப் பூத்து, காய் பிடித்து, பங்குனிக்குள் அறுவடைக்கு வந்துவிடும். குனிந்து ஒரு இலையைத் தொட்டால் விரல் நனையும். நனைந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். தாயே, உன் தீர்த்தம் இங்கேயே கிடைத்துவிட்டதே!

வரப்பு முடிகிற இடத்தில் ஒரு இலவ மரம். பொங்கல் கழிந்ததிலிருந்தே இலையைக் கழற்றிக்கொண்டிருக்கும். ஒருநாள் காலையில் பார்த்தால், ஒற்றை இலை இல்லாத அந்தக் கிளைகளில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாகப் பூத்திருக்கும். வேலியோரத்துக் கலியாண முருங்கையும் அப்படியே, இலை போனபின் செக்கச் செவேலென்று பூக்கும். பச்சைமலை அடிவாரத்துப் பக்கம் போனால் புரசு நெருப்பாக நிற்கும். எல்லாமே பட்டினி கிடக்கிற மரங்கள்! இலை என்பது மரம் தன் தண்ணீரைக் காற்றுக்கு விடுகிற வாசல். மண்ணில் ஈரம் குறைகிற காலத்தில் மரம் அந்த வாசல்களை அடைக்கிறது, இலைகளை உதிர்க்கிறது, தண்டிலும் வேரிலும் இருப்பதைக் கட்டிக் காக்கிறது. அப்படி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததை எடுத்து என்ன செய்கிறது தெரியுமா? பூக்கிறது! இலை மறைவு இல்லாததால் தொலைவில் பறக்கிற பறவைக்கும் பூ தெரிகிறது.

அந்த இலவத்தடியில் நின்றால் காது நிறைந்துவிடும். காக்கை, மைனா, கரிச்சான், அணில் எல்லாம் தேனுக்கு வந்திருக்கும். மத்திய ஆசியாவிலிருந்து நம்மூருக்குக் குளிர்காலம் கழிக்க வந்த சூறைக்குருவிகள், ரோஜா நிற மார்பும் கறுத்த தலையுமாகக் கூட்டம் கூட்டமாக இறங்கும். ஊர் திரும்புகிற நெடும் பயணத்துக்கு அவற்றுக்குக் கட்டுச்சோறு கட்டித் தருவது பட்டினி கிடக்கிற இந்த மரம். அதைக் கண்ட ஒரு காலையில்தான் எனக்குள் ஏதோ திறந்தது. தான் உண்ணாமல் பிள்ளைக்கு ஊட்டுகிறவளை நான் கோயிலுக்குள் மட்டும் தேடிக்கொண்டிருந்தேன். அவளோ வரப்போரத்தில் முள் போட்ட தண்டோடு, செம்மலர் சூடி நிற்கிறாள். கை தானாகத் தலைக்கு மேல் குவிந்தது. கண்ணீர் ஏன் வந்தது என்று யாராவது கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது.

பூச்சொரிதல் நாள் வருகிறது. நாலு திசையிலிருந்தும் மஞ்சள் உடுத்திய கூட்டம் நடந்து வரும். லாரியில், டிராக்டரில், தலைச்சுமையாக, தட்டுத் தட்டாக, கூடை கூடையாகப் பூ வரும். இந்தத் திருநாள் இந்த மாதத்தில் அமைந்ததற்குத் தோட்டத்திலும் ஒரு காரணம் கிடைக்கிறது. மல்லிகையைக் கார்த்திகை வாக்கில் கவாத்து செய்துவிடுவார்கள். பனிக்காலம் முழுவதும் பூ அரிதாக இருக்கும், விலை கைக்கெட்டாது. வெயில் ஏற ஏற, மார்ச் மாதத்தில்தான் செடி மொட்டு வைக்கத் தொடங்கும். வெட்டுப்பட்டு, பொறுத்திருந்து, வெயிலை வாங்கிப் பூத்த முதல் மல்லிகை அவள் காலடிக்கு வருகிறது. வழியில் பூக் கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம், “என்ன வெல பாட்டி?” என்றேன். “இன்னைக்கு வெல கேக்காத தாயி. ஆத்தாளுக்குப் போயி மிஞ்சுனாத்தான் நமக்கு” என்று ஒரு முழத்தை என் கையில் திணித்துவிட்டு அடுத்த சரத்தை எடுத்தார்.

கொள்ளிடப் பாலத்தைக் கடக்கும்போது இரவாகிவிட்டது. கீழே மணல் நிலவில் வெளுத்துக் கிடக்க, மேலே பாலம் முழுக்க மனிதர்களும் பூவும். முன்னால் போகிற தட்டிலிருந்து மல்லிகை வாசம், பக்கத்துக் கூடையிலிருந்து மரிக்கொழுந்து, பின்னால் சம்பங்கி. தவில் உறுமி கேட்கக் கேட்கக் காலில் வலி மறந்துபோகிறது. கோயிலை நெருங்க நெருங்க நான் நடக்கவில்லை. கூட்டம் என்னை எடுத்துக்கொண்டு போனது. “ஓம் சக்தி! பராசக்தி!” என்ற முழக்கத்தில் என் குரல் எது, பக்கத்துப் பெண்ணின் குரல் எது என்று பிரித்தறிய முடியவில்லை. பிரிப்பானேன்?

உள்ளே இருப்பவள் கல்லில் செதுக்கிய அம்மன் அல்ல. மூலிகைகள் சேர்த்துச் சுதையில் வடித்த திருமேனி. அதனால் மூலவருக்கு அபிஷேகம் கிடையாது, அபிஷேகமெல்லாம் உற்சவருக்குத்தான். மூலிகையும் சுதையுமாக அமர்ந்திருப்பவளை நனைப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது? பூ இருக்கிறது. தண்ணீருக்குப் பதில் பூ மாரியாகப் பெய்கிறது. கூடை கவிழ, கூடை கவிழ, வெள்ளை மேல் மஞ்சள், மஞ்சள் மேல் சிவப்பு. அரளி, செவ்வந்தி, ரோஜா, மல்லிகை. பூ ஏற ஏற, அந்தப் பூவுக்கு நடுவே அவள் முகம் மட்டும்!

அந்த ஒரு கணம் எவ்வளவு நேரம் நீடித்தது? பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், “நகருங்க, நகருங்க” என்கிறார்கள். நான் எதைக் கேட்டேன், எதை வேண்டினேன்? ஒன்றுமில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த கவலைகளெல்லாம் அந்த மல்லிகை மேட்டில் எங்கோ புதைந்துபோயின. சிரித்துக்கொண்டிருந்தாள். இன்றிலிருந்து அன்னம் தண்ணீர் குறைத்துக்கொள்ளப் போகிறவள், சிரித்துக்கொண்டிருந்தாள்! இலவ மரத்தடியில் அன்று திறந்தது என்னவோ, அதுவே இங்கே முழுவதுமாகத் திறந்துகொண்டது. இலை துறந்த கிளையின் மேல் பூத்ததும், அன்னம் துறந்தவள் மேல் பூ சொரிவதும் ஒன்றே. அம்மா, நீ ஆற்றங்கரை மரங்களிடம் விரதம் கற்றாயா, மரங்கள் உன்னிடம் கற்றனவா?

விரத நாட்களில் நானும் என்னாலான அளவுக்கு அவளோடு இருப்பேன். காலையில் நீர்மோர், ஒரு பிடி துள்ளுமாவு. பச்சரிசியை இடித்து, வெல்லம் கலந்து, ஏலக்காய் பொடித்துப் போட்ட மாவு. அடுப்பு காணாத உணவு. வயிறு லேசாகும்போது கண் கூர்மையாகிறது, காது நீள்கிறது. சாப்பிட்ட மயக்கத்தில் கேட்காத ஒலியெல்லாம் கேட்கிறது. உச்சி வெயிலில் ஊரே அடங்கிக் கிடக்கையில் “டொக், டொக், டொக்” என்று செம்மார்புக் குக்குறுவான் நிறுத்தாமல் தட்டும். என்ன வேண்டுதலோ, மூச்சு விடாமல் ஜபிக்கிறது! மாமரத்தில் பூ உதிர்ந்து வடு திரண்டிருக்கும். அரசு தன் கடைசி இலையை உதிர்த்த நாலைந்து நாளில் செம்பு நிறத்தில் கொழுந்து விடும். அந்தச் சிவப்பு வெறும் அழகுக்காக வந்ததன்று. கடும் வெயில் பிஞ்சு இலையைத் தீய்த்துவிடாமல் காக்கிற கவசம். புங்கம் புது இலை கட்டும்போது அந்தப் பச்சையில் கண் கூசும். பங்குனி முற்றினால் அதன் பூக்கள் பொரி இறைத்தாற்போலத் தெருவில் உதிர்ந்து கிடக்கும். கோயில் நந்தவனத்து இலுப்பை ராத்திரியில் பூத்து, பழந்தின்னி வௌவாலுக்கு விருந்து வைத்துவிட்டு, விடியலில் தித்திக்கிற பூவை நமக்கென்று தரையில் போட்டிருக்கும். வானத்திலிருந்து ஒரு சொட்டு விழவில்லை. ஆற்றில் தண்ணீர் இல்லை. ஆனாலும் இத்தனை துளிர், இத்தனை பூ! மழை வந்து துளிர்த்தால் அதில் அதிசயம் இல்லை. மழைக்கு இன்னும் மாதங்கள் இருக்கையில், ஆழத்து ஈரத்தை மட்டும் நம்பித் துளிர்க்கிறதே, இதற்குப் பெயர் பக்தி இல்லையென்றால் வேறு எதற்குப் பெயர்?

விரதத்தின் நடுவில், மார்ச் 20, 21 வாக்கில் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகும். அன்று சூரியன் நேர் கிழக்கில் உதிக்கும். அந்த விடியலில் கொள்ளிடத்து மணலில் போய் நிற்பது என் வழிபாடு. தென்கிழக்கில் ஒதுங்கியிருந்தவன் மாதக் கணக்கில் கரையோரத் தென்னைகளை ஒவ்வொன்றாகத் தாண்டி வந்து, இதோ நடுவில் எழுகிறான். மணல் கால் விரல்களுக்கிடையே இன்னும் குளிர்ச்சியாக இருக்கும். மண்டியிட்டுக் கையாலேயே தோண்டுவேன். மணலை அள்ளித் தீர்த்த இடங்களில் களிதான் தட்டுப்படும். அங்கே ஆற்றுக்கு நெஞ்சில்லை. மணல் தங்கிய இடத்தில் முழங்கை ஆழம் போனதும் மணல் கருக்கும், ஈரமாகும், ஓரம் சரியும். பிறகு, மெல்ல, ஊற்று!

வறண்டதென்று ஊரே சொல்கிற ஆறு, தன் மடியில் பால் வைத்திருக்கிறது. இரண்டு கையும் குழித்து எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டபோது உடம்பு சிலிர்த்தது. காவிரித் தாயே, மாரித் தாயே, மண் தாயே! எத்தனை பெயர் சொன்னாலும் கையில் இருக்கிற குளிர்ச்சி ஒன்றுதானே! எழுந்து, கிழக்கே பார்த்து நின்றேன். சிவந்த வட்டம் மேலேறியது. என்னை அறியாமல் ஆடினேன். பார்க்க ஒருவரும் இல்லை, இருந்தாலும் ஆடியிருப்பேன்.

பங்குனிக் கடைசியில் வேம்பின் முறை. எது மாசியில் உதிரத் தொடங்கியதோ, எதை அப்பாயி கிளை கிளையாக விசாரித்தாளோ, அந்த மரம் செங்கொழுந்து விட்டு, பச்சை கட்டி, கடைசியில் பூவெடுக்கும். வெள்ளை வெள்ளையாய்ப் பொடிப் பூ. பகலில் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. பொழுது சாய்ந்ததும் தெரு முழுக்கத் தேன் மணக்கும். அத்தனை கசப்பான மரத்துக்கு இத்தனை இனிப்பான மூச்சு! வெயில் ஏறுகிற இந்த மாதங்கள் அம்மை வார்க்கிற மாதங்களும்கூட. ஊசியும் மருந்தும் வராத நாளில் பிள்ளைகளை வாரிக்கொண்டு போன பெரியம்மை உலகத்திலிருந்தே ஒழிந்ததாக 1980ல் அறிவித்தார்கள். அந்த நாளுக்கு முன்னால் எத்தனை தலைமுறைத் தாய்மார், காய்ச்சலில் கொதிக்கிற பிள்ளையை இந்தக் கொழுந்து மேல் கிடத்தி, விடிய விடிய விசிறி, “ஆத்தா, இறங்கிக்க தாயே” என்று கெஞ்சியிருப்பார்கள்! அவர்களும் அந்த இரவுகளில் சோறு தண்ணி இறங்காமல்தானே கிடந்திருப்பார்கள்? சமயபுரத்தாளின் பட்டினியை அவர்களைவிட நெருக்கமாக யார் அறிந்திருக்க முடியும்? பூத்த வேம்படியில் நிற்கும்போது அந்தத் தாய்மார் அத்தனை பேரும் என்னோடு நிற்கிறார்கள். பிழைத்த பிள்ளைகளின் வழிவந்தவள் நான். அவர்களையும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன்.

பங்குனிக் கடைசி ஞாயிறு அவள் விரதம் முடிகிறது. சித்திரைத் திருவிழாவுக்குக் கொடி ஏறுகிறது. சித்திரை பிறந்தால் வீடெல்லாம் வேப்பம்பூவும் மாங்காயும் வெல்லமும் சேர்ந்த பச்சடி. சித்திரை முதல் செவ்வாய் தேர். கரும்பைத் தோளில் தாங்கி, அதில் தூளி கட்டி, பிறந்த குழந்தையைக் கிடத்தி வருகிறார்கள் வேண்டுதல் பலித்த தாயும் தகப்பனும். பால்குடம், அக்னிச் சட்டி, முளைப்பாரி. மண்ணில் உருளுகிறவர்கள், மண்ணைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொள்கிறவர்கள். தாரை தப்பட்டை காதைப் பிளக்க, வடம் இறுக, தேர் அசைகிறது!

அந்த வாரத்தில்தான், ஏப்ரல் 18ஐ ஒட்டி, நண்பகல் சூரியன் திருச்சிக்கு நேர் உச்சியில் வந்து நிற்கிறான். நட்டு வைத்த கழிக்கு நிழல் விழாது. பூச்சொரிதலன்று தெற்கே சாய்ந்து நின்றவன், அவள் பட்டினி கிடந்த நாளெல்லாம் நடந்து நடந்து, தேருக்கு வந்துவிட்டான். தேரடியில் நான் குனிந்து பார்த்தேன். என் நிழல் என் காலடியில் சுருண்டு கிடந்தது. பக்கத்தில் இருந்தவருக்கும் அப்படியே. ஏழை, பணக்காரர், படித்தவர், படிக்காதவர், எவருக்கும் நீட்டிக்கொள்ள நிழல் இல்லை. லட்சோப லட்சம் பேர் தலைக்கு மேல் வெளிச்சத்தையும் காலுக்குக் கீழ் மண்ணையும் மட்டும் வைத்துக்கொண்டு, ஒரே தொண்டையாகக் கூப்பிட்டோம்: “தாயே! மகமாயி! ஆயிரம் கண்ணுடையாளே!”

இதைப் படிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்ள எனக்கு ஒன்று உண்டு. சமயபுரம் வர முடிந்தால் வாருங்கள். முடியாவிட்டாலும் உங்கள் தெருவில் ஒரு வேம்போ அரசோ இருக்கும். மாசி பிறந்ததும் அதை உங்கள் தெய்வமாக வரித்துக்கொள்ளுங்கள். காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, அண்ணாந்து பாருங்கள். எந்தக் கிளை காலி, எதில் கொழுந்து, எந்தப் பறவை வந்தது என்று வீட்டில் இருக்கிற குழந்தையிடம் கேளுங்கள், அது போய்ப் பார்த்து வந்து சொல்லட்டும். இடையில் யாராவது வந்து, “மரம் பட்டுப்போச்சுங்க, வெட்டிரலாமா?” என்று கேட்டால் மட்டும் உடனே கையைக் குறுக்கே நீட்டுங்கள். அவள் விரதத்தில் இருக்கிறாள். பூக்கப் போகிறாள் என்று அவர்களுக்கு உரக்கச் சொல்லுங்கள்!